கணிதப் பட்டப்படிப்பைத் திட்டமிடுவது எப்படி: முதல் பாடம் தொடங்கி சிறப்புப் பிரிவு வரை

கணிதப் பட்டம் படிக்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளைத்தான் கேட்பார்கள். எந்தப் பாடத்தில் தொடங்குவது, கடைசியில் எந்தப் பிரிவை எடுப்பது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் படிப்பு நன்றாகப் போகுமா, நடுவில் திணறுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கிற ஒரு கட்டம்: கணக்குப் போட்டு விடை கண்டுபிடிப்பதிலிருந்து நிரூபணம் எழுதுவதற்கு மாறுகிற அந்த ஒன்றிரண்டு செமஸ்டர். அது எப்போது வர வேண்டும், அதற்கு முன்னால் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் கூடவே எந்தச் சுமை இருக்கக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைச் சுற்றி மற்றதை அடுக்குவது அவ்வளவு கஷ்டமில்லை.

சரி, தொடக்கத்திலிருந்தே வருவோம்.

எங்கே தொடங்குவது

பல கல்லூரிகள் சேர்ந்தவுடன் ஒரு தேர்வு வைத்து, நீங்கள் எந்தக் கணிதப் பாடத்தில் உட்காரலாம் என்று சொல்லிவிடும். சில இடங்களில் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவு செய்வார்கள். எப்படியானாலும் அந்த முடிவைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆலோசகரிடம் பேசி மேலேயோ கீழேயோ மாற்றிக்கொள்ள ஓரளவுக்கு இடம் இருக்கும். மேலே போகத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். கீழே இறங்கக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் அப்படிக் கேட்டு நல்லபடியாக முடித்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு பாடத்தைத் தாண்டிப் போகலாமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான். தாண்ட நினைக்கிற பாடத்தின் பழைய இறுதித் தேர்வு வினாத்தாள் ஒன்றை வாங்கி, புத்தகம், குறிப்பு, போன் எதுவும் இல்லாமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். முக்கால்வாசிக்கு மேல் சுத்தமாக வந்தால் தாண்டலாம். "இதெல்லாம் படித்ததுதான், மறந்துபோச்சு" என்று பாதிக் கேள்விகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பாடத்திலேயே உட்காருவது நல்லது.

கால்குலஸ் கடினம் என்று சொல்கிற பலருக்கு உண்மையில் தகராறு கால்குலஸில் இருப்பதில்லை, அதற்கு அடியில் இருக்கிற இயற்கணிதத்தில் இருக்கும். ஒரு சின்னச் சோதனை: எக்ஸில் 1 கழித்து மேலே வையுங்கள், எக்ஸோடு 2 கூட்டிக் கீழே வையுங்கள், இந்தப் பின்னம் 3ஐவிடப் பெரியதாக இருக்க எக்ஸ் என்னவாக இருக்க வேண்டும்? யோசிக்காமல் கீழே இருப்பதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கினால், எக்ஸ் –3.5ஐவிடச் சிறியது என்று விடை வரும். –4ஐப் போட்டுப் பாருங்கள், பின்னம் 2.5தான் வருகிறது, அதாவது விடை தவறு. கீழே இருப்பது எதிர்ம எண்ணாக இருந்தால் பெருக்கும்போது சமனின்மையின் திசை மாறும் என்பதை விட்டுவிட்டோம். சரியான விடை –3.5க்கும் –2க்கும் இடைப்பட்ட எண்கள். –3ஐப் போட்டால் 4 வரும், சரியாக இருக்கிறது. இந்தக் கணக்கை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டீர்கள் என்றால் இயற்கணிதம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். விழுந்துவிட்டீர்கள் என்றால் கால்குலஸுக்கு முந்தைய பாடத்தை எடுங்கள், இல்லை விடுமுறையில் உட்கார்ந்து பின்னம், மடக்கை, முக்கோணவியல் மூன்றையும் ஒரு தடவை அடித்து முடியுங்கள்.

இரண்டாம் கால்குலஸுக்கே நேராகத் தாண்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு வேறொரு கேள்வி: பகுதி பகுதியாகத் தொகையிடும் முறை கையில் இருக்கிறதா, சங்கிலி விதியை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று ஒருவருக்கு விளக்க முடியுமா? முடியும் என்றால் தாண்டுங்கள். அதையும் தாண்டி மூன்றாவதற்குப் போக நினைத்தால் முடிவிலாத் தொடர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால், கூட்டுகிற எண்கள் பூச்சியத்தை நெருங்கினாலும் கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும். ஏன் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். (மூன்றாவது, நான்காவது இரண்டும் சேர்ந்து அரையைத் தாண்டும், அடுத்த நான்கும் சேர்ந்து இன்னொரு அரையைத் தாண்டும், அப்படியே போகும்.) தொடர்களை அரைகுறையாக விட்டுவிட்டு வருபவர்கள் பின்னால் ரியல் அனாலிசிஸில், அதாவது கால்குலஸை நிரூபணங்களோடு அடியிலிருந்து கட்டுகிற பாடத்தில், அதற்கு வட்டியோடு கட்டுவார்கள்.

கீழிருந்து தொடங்குபவர்களுக்கு நேரம் போதுமா என்ற பயம் இருக்கும். எண்ணிப் பாருங்கள். கால்குலஸுக்கு முந்தைய பாடம், முதல் கால்குலஸ், இரண்டாம் கால்குலஸ், நிரூபண அறிமுகம், ரியல் அனாலிசிஸ், அதன் தொடர்ச்சி, அதற்கு மேல் ஒரு சிறப்புப் பாடம் என்று வரிசையாகப் போனால் ஏழு செமஸ்டர். நான்கு வருடப் படிப்பில் அடங்கும், ஆனால் ஒரு பாடத்தில் தவறினால் சமாளிக்க ஒரே ஒரு செமஸ்டர்தான் மிச்சம். மூன்று வருடப் படிப்பு என்றால் அடங்கவே அடங்காது. அதனால் கீழிருந்து தொடங்குபவர்கள் லீனியர் அல்ஜீப்ராவையோ நிரூபண அறிமுகத்தையோ இரண்டாம் கால்குலஸோடு சேர்த்தே எடுக்க முடியுமா என்று முதல் வருடத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். பல துறைகள் இதற்கு அனுமதிக்கும், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் கால்குலஸ் உண்மையில் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

அடிப்படைப் பாடங்கள்

பலமாறிக் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு அறிமுகம், ஒரு நிரலாக்கப் பாடம். இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, எடுக்கத்தான் வேண்டும், முதல் நான்கு செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள். நிரலாக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம், பைத்தான் ஓரளவு எழுத வந்தால் போதும். எந்தப் பிரிவுக்குப் போனாலும் ஒரு ஊகம் சரியா தவறா என்று முதல் ஆயிரம் எண்களுக்கு ஓட்டிப் பார்ப்பது அவ்வளவு வசதி. கணிதச் சமன்பாடுகளைத் தட்டச்சு செய்ய லேடெக்ஸும் இரண்டாம் வருடத்துக்குள் பழகிவிட்டால் பின்னால் ஆய்வேடு எழுதும்போது திண்டாட வேண்டாம்.

லீனியர் அல்ஜீப்ராவுக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பெயரில் பெரும்பாலும் இரண்டு வகைப் பாடங்கள் நடக்கின்றன. ஒன்று அணிகளை வைத்துக் கணக்குப் போடுவது: சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்ப்பது, அணிக்கோவை, நேர்மாறு, ஐகன் மதிப்பு கண்டுபிடிப்பது. மற்றது வெக்டர் வெளி, நேரியல் உருமாற்றம், அடிப்படை, பரிமாணம் என்று வரையறையில் தொடங்கித் தேற்றங்களை நிரூபித்துக்கொண்டு போவது. பட்டியலில் பெயர் ஒன்றாகவே இருக்கலாம், அதனால் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். கணிதத்தையே முதன்மையாகப் படிப்பவர்கள் இரண்டாவது வகையை எப்படியாவது எடுக்க வேண்டும், முதல் வகை மட்டும்தான் கிடைக்கிறது என்றால் மேல்நிலை லீனியர் அல்ஜீப்ரா ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புள்ளியியல், இயந்திரக் கற்றல், குவாண்டம் இயற்பியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், குறியாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் இது வந்து நிற்கும். கால்குலஸைவிட இதுதான் அதிகம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம், இதை மறுப்பவர்களும் இருப்பார்கள்.

நிரூபணத்துக்குள் நுழைவது

இங்கேதான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்கூட, "எல்லா எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்று தொடங்கும் வாக்கியத்தின் முன்னால் திகைத்துப்போய் உட்காருவார்கள். புத்திசாலித்தனம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. வேலையின் தன்மையே மாறிவிட்டது. இதுவரை முறை தெரிந்தால் போதும், விடை வந்துவிடும். இனி முறை கிடையாது, வரையறை மட்டும் கையில் இருக்கும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு சார்பு தொடர்ச்சியானது என்றால், ஒவ்வொரு புள்ளியிலும், எப்சிலான் எவ்வளவு சிறியதாகக் கொடுத்தாலும் அதற்கு ஏற்ற டெல்டா ஒன்று கிடைக்கும், அதாவது அந்தப் புள்ளியிலிருந்து டெல்டாவுக்கும் குறைவான தூரம் நகர்ந்தால் சார்பின் மதிப்பு எப்சிலானுக்கும் குறைவாகத்தான் மாறும். சீராகத் தொடர்ச்சியானது என்றால், எப்சிலான் கொடுத்தவுடன் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே டெல்டா கிடைக்க வேண்டும். வாக்கியத்தில் மாறுவது சொற்களின் வரிசை மட்டும்தான்: புள்ளி முதலில் வருகிறதா, டெல்டா முதலில் வருகிறதா. வர்க்கம் எடுக்கும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். எப்சிலான் 1 என்று வைப்போம். டெல்டா 0.01 போதும் என்று ஒருவர் சொல்கிறார். சரி, 100ஐயும் 100.005ஐயும் எடுங்கள், இரண்டுக்கும் இடையே இருப்பது 0.005தான். வர்க்கம் எடுத்தால் 10000, 10001.000025. வித்தியாசம் 1ஐத் தாண்டிவிட்டது. டெல்டாவை இன்னும் சிறிதாக்கினால் நான் இன்னும் பெரிய எண்ணுக்குப் போய் அதே வேலையைச் செய்வேன். ஆக இந்தச் சார்பு எல்லாப் புள்ளிகளிலும் தொடர்ச்சியானது, ஆனால் முழு எண்கோட்டில் சீராகத் தொடர்ச்சியானது கிடையாது. இதை நீங்களே ஒரு தாளில் வாக்கியமாக எழுதி, நடுவில் எந்த இடத்திலும் "எப்படியோ" என்று தாவாமல் முடிக்க முடிந்தால் ரியல் அனாலிசிஸுக்குத் தயார்.

துறையில் நிரூபண அறிமுகப் பாடம் ஒன்று தனியாக இருந்தால் அதைத் தவிர்க்காதீர்கள். கணங்கள், சார்புகள், தொகுத்தறி முறை, முரண்பாட்டின் மூலம் நிரூபிப்பது, சமானத் தொடர்பு எல்லாம் அதில் வரும். 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண், பகா எண்கள் முடிவில்லாதவை, மெய்யெண்களை வரிசைப்படுத்தி எண்ண முடியாது என்று கேன்டர் 1891இல் காட்டிய மூலைவிட்ட வாதம் இதெல்லாம் அங்கேதான் அறிமுகமாகும். அப்படி ஒரு பாடம் இல்லையென்றால் எண் கோட்பாட்டு அறிமுகமோ கிராஃப் தியரியோ (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் படிப்பது) அந்த வேலையைச் செய்யும், ஏனென்றால் இரண்டுக்கும் முன்னறிவு அதிகம் தேவையில்லை, நிரூபணம் எழுதும் பழக்கம் மட்டும் கிடைக்கும்.

அப்புறம் இரண்டு தூண்கள்: ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா. முதலாவது, கால்குலஸில் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதையெல்லாம் திரும்பக் கேள்வி கேட்கும். எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இருந்துகொண்டே எந்த இடத்திலும் வகையிட முடியாத ஒரு சார்பை வயர்ஸ்ட்ராஸ் 1872இல் முன்வைத்தார். படம் வரைந்து பார்த்து வளர்த்துக்கொண்ட உள்ளுணர்வு எங்கே கைவிடும் என்று அந்த ஒரு சார்பே காட்டிவிடும். இரண்டாவது, எண்களை விட்டுவிட்டு விதிகளை மட்டும் படிப்பது: குலம், வளையம், களம். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கு இருபடிச் சமன்பாடு மாதிரி மூலக்குறிகள் போட்ட பொதுச் சூத்திரம் கிடையாது என்று ஆபெல் 1824இல் நிரூபித்தார். ஏன் கிடையாது என்பதன் முழுக் கதையை, சமன்பாட்டின் மூலங்களுக்கு இடையிலான சமச்சீரைக் குலங்களை வைத்துப் படிக்கிற கால்வா கோட்பாட்டில்தான் புரிந்துகொள்ள முடியும், அதற்கு இந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி வரை போக வேண்டும்.

எதை முதலில் எடுப்பது? கால்குலஸ் பிடித்தவர்கள் அனாலிசிஸ், புதிர் பிடித்தவர்கள் அல்ஜீப்ரா என்று பொதுவாகச் சொல்வார்கள், அது பரவாயில்லாத யோசனைதான். ஆனால் என்னைக் கேட்டால் நன்றாகச் சொல்லித்தருகிற ஆசிரியர் எந்த செமஸ்டரில் எதை எடுக்கிறார் என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்து முடிவு செய்யச் சொல்வேன். முதல் நிரூபணப் பாடத்தில் வீட்டுக்கணக்கைப் பொறுமையாகத் திருத்தி, இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தாய் என்று ஓரத்தில் கேட்டு எழுதுகிற ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டையும் ஒரே செமஸ்டரில் முதல்முறையாக எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த செமஸ்டரில் கூட இருக்கும் பாடங்கள் இலகுவானவையாக இருக்கட்டும், மொழிப் பாடம், பொதுப் பாடம் எதையாவது இந்த நேரத்துக்கென்று முன்பே மிச்சம் பிடித்து வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம்.

படிக்கும் முறையும் மாற வேண்டும். நிரூபணத்தை வாசித்துவிட்டு "புரிந்தது" என்று சொல்வதை நம்பாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில், அடுத்த நாள் எழுதுங்கள். எழுத வராத இடத்தில்தான் அந்த நிரூபணத்தின் உயிர் இருக்கும். ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த உதாரணத்தில் உடைகிறது என்று தேடிப் பாருங்கள். அப்படிச் சேர்த்து வைத்த எதிர் உதாரணங்கள் இறுதித் தேர்வில் தேற்றங்களைவிட அதிகமாகக் கைகொடுக்கும்.

சிறப்புப் பிரிவு

தூய கணிதமா பயன்பாட்டுக் கணிதமா என்று முதல் வருடத்திலேயே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆய்விதழ்களும் தரவுத்தளங்களும் பயன்படுத்துகிற கணிதப் பாடவகைப்பாட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் மேல்மட்டத்திலேயே 63 பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் பாதியின் பெயரைக்கூட முதல் வருடத்தில் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், பிறகு எப்படித் தேர்ந்தெடுப்பது? அனாலிசிஸ், அல்ஜீப்ரா இரண்டிலும் ஒன்று முடிந்த பிறகுதான் எது உங்களை இரவில் தூங்கவிடாமல் பிடித்து வைக்கிறது என்று தெரியும்.

ஆனால் முடிவைத் தள்ளிப்போடலாம், சங்கிலியைத் தள்ளிப்போட முடியாது. கடைசியில் எடுக்க ஆசைப்படும் பாடத்திலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். நிகழ்தகவை ஆழமாகப் படிக்க மெஷர் தியரி (நீளம், பரப்பு மாதிரியான அளவைக் கணங்களுக்குப் பொதுமைப்படுத்தும் பாடம்) வேண்டும், ஏனென்றால் 1933இல் கோல்மொகோரோவ் நிகழ்தகவுக்குப் போட்ட அடித்தளமே அதுதான். மெஷர் தியரிக்கு ரியல் அனாலிசிஸ் வேண்டும், அதற்கு நிரூபணப் பழக்கம் வேண்டும். ஆக ஆறாவது செமஸ்டரில் மெஷர் தியரி என்றால் நான்காவதிலோ ஐந்தாவதிலோ அனாலிசிஸ் முடிந்திருக்க வேண்டும். இதே மாதிரி, இயற்கணித எண் கோட்பாட்டுக்கு கால்வா கோட்பாடு, பகுமுறை எண் கோட்பாட்டுக்குக் கலப்பெண் பகுப்பாய்வு, ஃபங்ஷனல் அனாலிசிஸுக்கு (சார்புகளையே வெக்டர்களாக எடுத்துப் படிப்பது) லீனியர் அல்ஜீப்ராவும் அனாலிசிஸும், அதோடு முடிந்தால் கொஞ்சம் டோபாலஜி (வளைத்தாலும் இழுத்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிப்பது). வகையீட்டு வடிவியலுக்குப் பலமாறிக் கால்குலஸ் வலுவாக இருக்க வேண்டும். காம்பினேட்டரிக்ஸ் (எண்ணும் முறைகளைப் படிப்பது), கிராஃப் தியரி இரண்டுக்கும் சங்கிலி குட்டை, எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், அதனால் அவற்றை எளிது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் பலரும் கோட்டை விடுகிற ஒன்று உண்டு. மேல்நிலைப் பாடங்கள் பல ஒவ்வொரு வருடமும் நடத்தப்படுவதில்லை, ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் வரும், அதுவும் ஒரே ஒரு செமஸ்டரில். நீங்கள் போட்ட அழகான திட்டத்தில் டோபாலஜி இறுதி ஆண்டில் இருக்கும், துறை அந்த வருடம் அதை நடத்தாது. துறை அலுவலகத்தில் கடந்த மூன்று நான்கு வருடங்களின் பாடப் பட்டியலை வாங்கி எது எப்போது வந்தது என்று குறித்து வையுங்கள். அரை மணி நேர வேலை, ஒரு செமஸ்டரை மிச்சப்படுத்தும்.

பயன்பாட்டுப் பக்கம் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வேறு கணக்கு. புள்ளியியல், தரவு அறிவியல் என்றால் நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், தொடர்புப்போக்கு, வலுவான லீனியர் அல்ஜீப்ரா, அதோடு உகப்பாக்கம். நியூமெரிக்கல் அனாலிசிஸையும் விடாதீர்கள். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும், கணினி பின்னங்களை இரும எண்ணில் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் சேமிப்பதால் வரும் பிழை அது. ஒரு தடவை வந்தால் ஒன்றுமில்லை, கோடிக்கணக்கான படிகளில் அது எப்படிச் சேரும், எப்போது விடையையே கெடுக்கும் என்று படிப்பதில் அந்தப் பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குறியாக்கம் பிடித்தவர்கள் தூய கணிதப் பக்கத்திலிருந்து எண் கோட்பாட்டையும் குலங்கள், களங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 1977இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்குப் பின்னால் இருப்பது பெரிய எண்களைப் பகாக் காரணிகளாக உடைப்பது கடினம் என்ற எண்ணமும், மட்டு எண்கணிதமும் (வகுத்து வரும் மீதியை வைத்துக் கணக்குப் போடுவது) தான். தூயது, பயன்பாடு என்று போட்ட கோடு இந்த மாதிரி இடங்களில் அழிந்துவிடும்.

காப்பீட்டுக் கணிதம் பக்கம் போக நினைத்தால் பட்டத்தோடு தனியாகத் தொழில்முறைத் தேர்வுகளும் உண்டு. முதல் ஒன்றிரண்டை, அதாவது நிகழ்தகவும் நிதிக் கணிதமும் சம்பந்தப்பட்டவற்றை, படிக்கும்போதே எழுதிவிடுவது வழக்கம். ஆசிரியராகப் போகிறவர்கள் வடிவியலையும் கணித வரலாற்றையும் விருப்பப் பாடமாக எடுத்தால் வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற "இது ஏன் சார்" கேள்விகளுக்குப் பதில் இருக்கும்.

மேற்படிப்புக்குப் போகிறவர்கள்

முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் ஒவ்வொன்றும் இரண்டு செமஸ்டர், டோபாலஜி, கலப்பெண் பகுப்பாய்வு, முடிந்தால் மெஷர் தியரி. இதுதான் பெரும்பாலான இடங்களில் எதிர்பார்க்கிற அடிப்படை. பாடங்களின் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவதைவிட இவற்றில் நல்ல மதிப்பெண் முக்கியம், அதைவிடப் பரிந்துரைக் கடிதங்கள் முக்கியம். கடிதம் எழுதுகிறவருக்கு உங்கள் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் தெரிந்தால் கடிதம் நான்கு வரியில் முடிந்துவிடும். ஒரு ஆசிரியரிடம் இரண்டு பாடங்கள் படித்து, அவர் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்டு, அவர் மேற்பார்வையில் ஒரு சின்ன வாசிப்புப் பாடமோ ஆய்வேடோ செய்திருந்தால் அவருக்கு எழுத விஷயம் இருக்கும். விண்ணப்பங்கள் இறுதி ஆண்டின் முதல் பாதியிலேயே போய்விடும் என்பதால் இந்தப் பழக்கம் அதற்கு முந்தைய வருடமே தொடங்கியிருக்க வேண்டும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது யாரும் தீர்க்காத பெரிய கணக்கைத் தொட வேண்டிய அவசியமில்லை. தெரிந்த ஒரு தேற்றத்தின் இரண்டு வெவ்வேறு நிரூபணங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன முன்னறிவு தேவை, எது எங்கே பொதுமைப்படும் என்று ஒப்பிட்டு எழுதினாலே நல்ல ஆய்வேடு. அதற்கு வழிகாட்ட யாருக்கு நேரம் இருக்கும் என்று மூன்றாம் வருடம் முடிவதற்குள் போய்க் கேட்டு வையுங்கள், இறுதி ஆண்டு தொடங்கிய பிறகு போனால் நல்லவர்கள் எல்லோரிடமும் ஏற்கெனவே ஆள் சேர்ந்திருப்பார்கள்.